காண்டனுக்குப் புறப்படுமுன்

சீன தேசத்துக்கு ஒரு தடவை போய் வருவது என்று எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான்னம் தீர்மானமாயிற்று. தீர்மானம் செய்வதற்குக் கால்மணி நேரம் போதுமானதாக இருந்தது. எந்த ஊருக்குப் போவது என்று நிச்சயிப்பதற்குத்தான் மூன்று வாரம் பிடித்தது.

குழந்தைகள் ஷாங்காய் என்றார்கள். வானத்தை முட்டும் கட்டிடங்களைப் படத்தில் பார்த்துவிட்ட மயக்கம் அவர்களுக்கு. பெரியவர்களில் ஒருவர் பீக்கிங் என்றார். அரண்மனையையும் பெருமதிலையும் பார்க்காமல் வந்தால் சீனாவுக்குப் போனதாகவே கணக்கில்லை என்பது அவர் கட்சி. தாத்தா ஒருவர்தான், "எந்த ஊர் என்பது இருக்கட்டும், முதலில் எதற்காகப் போக வேண்டும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1962-ஆம் வருஷத்து யுத்தத்தின்போது அவர் பள்ளிக்கூடத்து மாணவர். பாதுகாப்பு நிதிக்காகத் தம் தாயார் கைவளையலைக் கழற்றிக் கொடுத்ததைக் கண்ணால் கண்டவர். 2020-ஆம் வருஷம் லடாக் எல்லையில் நம் வீரர்கள் 20 பேர் மாண்டதையும் அவர் மறக்கவில்லை. "சண்டைக்காரன் வீட்டுக்கு யாராவது வேடிக்கை பார்க்கப் போவார்களா?" என்றார். பாட்டி உள்ளேயிருந்து, "சாட்சிக்காரன் காலில் விழுவதைக் காட்டிலும் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று பெரியவர்கள் சொல்லித்தானே இருக்கிறார்கள்!" என்று பதில் கொடுத்தாள். எல்லோரும் சிரித்துவிட்டோம், தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கேள்வியும் எங்களை விட்டுப் போகவில்லை.

ஏன் காண்டன்?

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது காண்டன் நகரம். சீனர் அதற்கு வழங்கும் பெயர் குவாங்சௌ. தென் சீனத்தில், முத்து நதியின் கரையில், கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி அமைந்திருக்கிறது. 2020-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி அந்த மாநகரில் வசிப்பவர்கள் 1 கோடியே 86 லட்சம் பேர்.

இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் வழியின் சௌகரியம். நம் தேசத்துக்கும் சீனாவுக்கும் இடையே 2020-ஆம் வருஷம் நின்றுபோன நேர் விமானப் போக்குவரத்து, 2025 அக்டோபரில் மறுபடி தொடங்கியபோது, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட விமானம் காண்டனில்தான் போய் இறங்கியது. உல்லாசப் பிரயாணிகளான சீனருக்கு விசா வழங்குவதை நம் சர்க்கார் அதே வருஷம் ஜூலையில் மீண்டும் ஆரம்பித்திருந்தது. கல்கத்தாவும் காண்டனும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆகையால் வெயிலும் மழையும் நமக்குப் புதியவை அல்ல. பீக்கிங்கின் பனிக்கு வேண்டிய கம்பளிச் சுமை இங்கே தேவையில்லை.

இரண்டாவது காரணம், வெளிநாட்டாருடன் பழகிப் பழகி வளர்ந்த ஊர் இது. 1757 முதல் 1842 வரையில், 85 வருஷ காலம், கடல் வழியே வந்த மேனாட்டு வியாபாரிகளுக்குச் சீனச் சக்கரவர்த்தி திறந்து வைத்திருந்த துறைமுகம் இது ஒன்றுதான். தேயிலையும் பட்டும் பீங்கானும் இங்கிருந்துதான் கப்பல் ஏறின.

நம் சமையலறைக்கும் இந்த உறவில் பங்கு உண்டு. தென் ஜில்லாக்களில் சர்க்கரைக்குச் சீனி என்று பெயர். இரும்பு வாணலிக்குச் சீனச்சட்டி என்று பெயர். காண்டன் வாசிகள் தேயிலைப் பானத்தை 'ச்சா' என்கிறார்கள். நம் கடைகளில் கேட்கும் சாயா அந்தச் சொல்லின் வழியில் வந்ததுதான். வடகிழக்கே இருக்கும் அமாய் துறைமுகத்தார் அதையே 'தே' என்பார்கள். அந்தத் 'தே'யோடு நாம் இலையைச் சேர்த்துத் தேயிலை ஆக்கிக்கொண்டோம். இதை எடுத்துச் சொன்னபோது பாட்டிக்குக் காண்டன் மேல் ஒரு பந்து பாசமே ஏற்பட்டுவிட்டது.

எப்போது, எப்படி?

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது மழை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையில் காண்டனில் மழையும் புழுக்கமும் அதிகம். கோடையின் பிற்பகுதியில் புயலும் சேர்ந்துகொள்ளும். வசந்தத்தின் ஆரம்பத்தில் காற்றின் ஈரம் சுவர்களிலும் தரையிலும் முத்து முத்தாக வியர்த்து நிற்குமாம். துவைத்த துணி உலராது. இரண்டாவது விடுமுறைக் கூட்டம். அக்டோபர் முதல் வாரத்துத் தேசிய விடுமுறையிலும், ஜனவரி அல்லது பிப்ரவரியில் வரும் சீன வருஷப் பிறப்பிலும், தேசம் முழுவதும் ரயிலில் இருக்கிறது என்றே சொல்லலாம். மூன்றாவது காண்டன் சந்தை. 1957-ஆம் வருஷம் தொடங்கிய இந்த ஏற்றுமதிக் கண்காட்சி வசந்தத்தில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் நடக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து மே ஆரம்பம் வரையிலும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் ஆரம்பம் வரையிலும், உலகத்து வியாபாரிகள் எல்லாம் அங்கே கூடுவதால் ஹோட்டல் அறைகளின் வாடகை ஏறிவிடும். இவை மூன்றையும் கழித்துப் பார்த்ததில் எங்களுக்கு மிஞ்சியது நவம்பர் பிற்பகுதியும் டிசம்பரும். வானம் தெளிந்து, காற்று உலர்ந்து, ஒரு மெல்லிய சட்டைக்கு மேல் இன்னொன்று போட்டுக்கொண்டு நடக்கத் தகுந்த காலம் அது.

விசாவைப் புறப்படுமுன்பே பெற்றுவிட வேண்டும். தமிழர்களாகிய நமக்குப் பெயரில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு ஆயுள் முழுவதும் காலம் தள்ளிவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் அது முழுப் பெயராக விரிந்து, சில சமயம் நம் பெயருக்கு முன்னும் சில சமயம் பின்னும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சீனாவில் ரயில் டிக்கெட், ஹோட்டல் பதிவு, பல கண்காட்சிசாலைகளின் அனுமதிச் சீட்டு எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட் வேண்டும். அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரை எழுத வேண்டும்.

பணம் கொடுக்கும் முறையையும் முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும். அங்கே காய்கறிக்காரி முதல் பெரிய கடை வரையில் எல்லோரும் கைபேசி மூலமாகவே பணம் வாங்குகிறார்கள். அலிபே, வீசாட் என்னும் இரண்டு செயலிகளில் நம் கடன் அட்டையை இணைத்துக்கொள்ளலாம். இதை வீட்டிலிருக்கும்போதே செய்து பார்த்துவிடுவது நல்லது. கையில் கொஞ்சம் யுவான் நோட்டும் இருக்கட்டும். சில்லறை நோட்டாக இருந்தால் இன்னும் நல்லது. நமக்குப் பழகிய கூகிளும் வாட்ஸ்அப்பும் அந்நாட்டு இணைப்பில் கிடைப்பதில்லை. ஆகையால் அங்கே வழங்கும் வரைபடத்தையும், மொழிபெயர்க்கும் செயலியையும் புறப்படுமுன் இறக்கி வைத்துக்கொண்டோம். இத்தனை யந்திர சாமர்த்தியத்துக்கும் மேலாக எங்கள் நம்பிக்கைக்குப் பாத்திரமானது ஒரு துண்டுக் காகிதம். ஹோட்டலின் பெயரும் விலாசமும் சீன எழுத்தில் எழுதிய அந்தக் காகிதத்தை ஆளுக்கு ஒன்றாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதென்று ஏற்பாடு. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் திருப்பிவிட்டால் ஆயத்தம் முடிந்தது.

பாட்டியின் மூட்டை

சாப்பாட்டைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் விவாதம் பலமாக நடந்தது. காண்டன் சமையல் சீனாவிலேயே கீர்த்தி வாய்ந்தது. காலையில் தேநீர்ச் சாலைக்குப் போய், மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க வரும் சிறு பலகாரங்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு, பத்திரிகை படிப்பதும் ஊர்வம்பு பேசுவதும் அந்த ஊராரின் நித்திய சுகம். பக்கத்தில் இருப்பவர் நம் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினால், இரண்டு விரல்களை மடக்கி மேஜையில் மெல்லத் தட்ட வேண்டும், அதுவே வந்தனம். மாறுவேஷத்தில் திரிந்த சக்கரவர்த்தி ஒருவர் தம் சேவகனுக்குத் தேநீர் ஊற்ற, எழுந்து சாஷ்டாங்கமாக விழ முடியாத சேவகன் விரல்களால் நமஸ்காரம் செய்தான் என்று இதற்கு ஒரு கதை சொல்வார்கள்.

ஆனால் அந்தப் பலகாரங்களில் பலவற்றிலும் இறாலோ பன்றி இறைச்சியோ இருக்கும். காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் கொழுப்பில் வதக்கியிருக்கலாம். சிப்பிச் சாறு சேர்த்திருக்கலாம். சைவ உணவுக்காரர்கள் 'வோ ச்சீ சூ' என்ற மூன்று சொல்லைப் பாடம் செய்துகொள்வது அவசியம். 'நான் சைவ உணவு உண்பவன்' என்பது அதன் பொருள். இறைச்சி, மீன், முட்டை, கொழுப்பு, சிப்பிச் சாறு எதுவும் கூடாது என்று சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் பத்திரம். பௌத்த ஆலயங்களை ஒட்டிச் சைவ போஜனசாலைகள் உண்டு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் மாமிசத்தை விலக்கும் பௌத்தர்களும் இருக்கிறார்கள். இதைக் கேட்டதும் பாட்டி, "பார்த்தாயா, நம்மவர்கள் மாதிரியே!" என்றாள். இருந்தாலும் மூட்டை கட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் வரிசையாக வந்தன. பழமும் காய்கறியும் விதைகளும் கொண்டுபோகக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சரி பார்த்துக்கொண்டு வந்தோம். குருமாவுக்கென்று பாட்டி இடித்து வைத்திருந்த பொடி டப்பாவைத் திறந்தபோது, "இதில் என்ன என்ன இருக்கிறது?" என்று கேட்டோம்.

"சோம்பு, பட்டை, கிராம்பு, பொட்டுக்கடலை, கசகசா."

கசகசா என்றதும் நிறுத்தினோம். சீனாவில் கசகசாவை எண்ணெய் ஆட்டுவதற்கு மட்டுமே அனுமதிக்கிறார்கள். கடையில் உணவுப் பண்டமாக விற்கக் கூடாது. அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய் வீண் தொல்லையைத் தேடிக்கொள்வானேன் என்று டப்பாவை எடுத்து வெளியே வைத்தோம். வீட்டில் சிறு பெண், "கசகசா என்ன பாவம் செய்தது?" என்று கேட்டாள். அதுவரையில் பேசாமல் சாய்வு நாற்காலியில் இருந்த தாத்தா, "அது பாவம் செய்யவில்லை, அம்மா. அது எந்தச் செடியின் விதை தெரியுமா? அபினிச் செடி. பாவம் செய்தவர்கள் வேறே" என்றார்.

அவர் சொன்ன சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். இங்கிலாந்துக்காரர்களுக்குச் சீனத் தேயிலை இல்லாமல் பொழுது விடிவதில்லை. ஆனால் சீனர்களுக்கு இங்கிலாந்துச் சாமான் எதுவும் அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. ஆகவே தேயிலைக்கு விலையாகப் பெட்டி பெட்டியாக வெள்ளி சென்றது. அந்த வெள்ளியை மீட்பதற்குக் கிழக்கிந்தியக் கும்பெனியார் கண்டுபிடித்த உபாயம் அபினி. பீகாரிலும் காசிப் பிரதேசத்திலும் குடியானவர்களுக்கு முன்பணம் கொடுத்து அபினியைப் பயிராக்கினார்கள். விளைந்ததைத் தாங்களே வாங்கிப் பக்குவம் செய்து, கல்கத்தாவில் ஏலம் போட்டார்கள். அபினி புகைப்பதைச் சீன சர்க்கார் 1729-ஆம் வருஷத்திலேயே தடை செய்யத் தொடங்கியிருந்தது. ஆகையால் கும்பெனியார் தங்கள் கப்பலில் அதை ஏற்றுவதில்லை. ஏலத்தில் எடுத்த தனி வியாபாரிகள் முத்து நதியின் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்க் கள்ளத்தனமாக விற்றார்கள். கும்பெனியின் கையும் சுத்தம், கணக்கும் லாபம்!

1839 மார்ச்சில் லின் ஸெஷ்யூ என்ற பிரபு சக்கரவர்த்தியின் விசேஷ அதிகாரியாகக் காண்டனுக்கு வந்து சேர்ந்தார். அந்நிய வியாபாரிகளின் பண்டகசாலைகளை முற்றுகையிட்டு, 20,000-க்கு மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றினார். அவற்றை அவர் விற்கவும் இல்லை, பதுக்கவும் இல்லை. ஹூமென் என்ற கடற்கரை ஊரில் பெரிய குழிகளை வெட்டச் செய்து, உப்பும் நீரும் சுண்ணாம்பும் கொட்டிக் கரைத்து, ஜூன் மாதத்தில் மூன்று வாரத்துக்கு மேல் இரவு பகலாகக் காவல் வைத்துக் கடலில் விட்டார். இத்தனை விஷத்தைக் கடலில் கலக்கிறோமே என்று சமுத்திர தேவதைக்குப் பிரார்த்தனையும் செலுத்தினார். நீர் வாழும் ஜீவன்கள் சிறிது காலம் விலகியிருக்க வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். இதற்குப் பதிலாக இங்கிலாந்து யுத்தம் தொடுத்தது. 1842-ஆம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கையில் சீனா ஹாங்காங்கை இழந்தது. காண்டன் முதலாக ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. அழித்த அபினிக்கும் சேர்த்து நஷ்டஈடு கொடுத்தது. இன்று பீக்கிங்கில் மக்கள் வீரர்களுக்காக எழுப்பியிருக்கும் நினைவுத் தூணில், சிற்ப வரிசையின் முதல் சிற்பம் ஹூமெனில் அபினியை அழித்த காட்சிதான்.

"கல்கத்தாவிலிருந்து காண்டனுக்கு என்று விமானத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அந்த அபினிக் கப்பல்களும் அதே வழிதான்" என்று தாத்தா முடித்தார். கசகசா சேர்ந்த பொடி டப்பா நாங்கள் வைத்த இடத்திலேயே இருந்தது. அன்று மேற்கொண்டு யாரும் மூட்டை கட்டவில்லை.

ஐந்து நாள் திட்டம்

மறுநாள் தாத்தாவே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஐந்து நாளில் எதை எதைப் பார்ப்பது என்று அவரும் குழந்தைகளுமாகப் போட்ட ஜாபிதா இது. முதல் தடவை போகிற வாசகர்களுக்கும் உபயோகப்படலாம்.

முதல் நாள், பிரயாண அலுப்புத் தீர நதிக்கரையில் ஷாமியான் தீவு. மணல் திட்டாக இருந்த இதை 1859-ஆம் வருஷத்துக்குப் பிறகு கல் அடுக்கி உயர்த்தி, பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் குடியிருப்பாக்கிக் கொண்டார்கள். தூண் வைத்த மாளிகைகளும், விழுதும் நிழலுமாக நிற்கும் ஆலமரங்களும் மாலை வேளையில் உலாவுவதற்கு வெகு ரம்மியம் என்கிறார்கள். நகரத்திலிருந்து அதைப் பிரிப்பது ஒரு கால்வாய். அந்நாளில் இரவானால் பாலத்துக் கதவுகளைச் சீனர்களுக்குச் சாத்திவிடுவார்கள். 1925 ஜூன் 23-ஆம் தேதி கால்வாய்க்கு அக்கரையில் ஊர்வலம் வந்த ஜனங்கள் மீது இந்தத் தீவிலிருந்து சுட்டதில் 50-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த வீதிக்கு இன்றும் ஆறு-இரண்டு-மூன்று வீதி என்று தேதியையே பெயராக வைத்திருக்கிறார்கள். அமிர்தசரஸை அறிந்த நமக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் நாள் பழைய நகரம். ஹுவாலின் ஆலயத்துப் பக்கத்தில், 'மேற்கிலிருந்து வந்தவர் முதலில் அடி வைத்த இடம்' என்ற பெயர் வழங்குகிறது. அப்படி வந்தவர் போதிதர்மர். தென் இந்தியாவிலிருந்து வந்த ராஜகுமாரர் என்று சீனக் குறிப்புகள் அவரைச் சொல்கின்றன. காஞ்சிபுரத்தவர் என்பது நம் பக்கத்து ஐதிகம். 6-ஆம் நூற்றாண்டில் கப்பலிலிருந்து இறங்கியது இங்கேதான் என்று அந்த ஊரார் நம்புகிறார்கள். அங்கிருந்து ஆறு ஆலமரத்து ஆலயம் என்னும் லியூரோங் கோயிலையும், அரபு வணிகர் காலத்து ஞாபகமாக நிற்கும் ஹுவாய்ஷெங் மசூதியையும், கருங்கல்லால் 1888-இல் கட்டி முடித்த கிறிஸ்தவ தேவாலயத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பொழுது இருந்தால் சென் வம்சத்தாரின் மண்டபம். 1890-களில் பூர்த்தியான அந்தக் கட்டிடத்தின் கூரை விளிம்பெல்லாம் வர்ணச் சிற்பங்கள். நம் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

நான்காம் நாள் ஹூமென். அதிவேக ரயிலில் அரை மணிக்கும் குறைந்த நேரம். அபினியைக் கரைத்த குழிகள் இருந்த இடத்தில் ஒரு கண்காட்சிசாலை அமைத்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் குழந்தைகளுடையது. 600 மீட்டர் உயரமுள்ள காண்டன் கோபுரமும், இரவில் நதியில் படகுச் சவாரியும், கடை வீதியும் அன்றைக்கு.

மூன்றாம் நாளைக் கடைசியில் சொல்லக் காரணம் உண்டு. அந்த நாளைப் பற்றித்தான் வீட்டில் மறுபடி ஒரு விவாதம் எழுந்தது.

மூன்றாம் நாள்

நகரத்தின் சுரங்க ரயிலில் இரண்டாவது பாதை தெற்கு வடக்காகச் செல்கிறது. அதில் ஸன் யாட் ஸென் நினைவு மண்டபம், யுயேஷியூ பூங்கா, ரயில்வே ஸ்டேஷன், ஸான்யுவான்லி என்று நான்கு நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. நீல ஓடு வேய்ந்த எட்டுப் பட்டை மண்டபம் 1931-ஆம் வருஷம் கட்டி முடிந்தது. சீனக் குடியரசின் பிதாவான ஸன் யாட் ஸென்னை நினைக்கும்போது நமக்கு இன்னொரு ஞாபகமும் வரவேண்டும். 1938-ஆம் வருஷம், சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது, ஜப்பானியப் படையெடுப்பில் துன்புற்ற சீனாவுக்கு நம் தேசம் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அடல், சோல்கர், கோட்னிஸ், பாஸு, முகர்ஜி என்ற அந்த ஐவரும் செப்டம்பரில் வந்து சேர்ந்தது காண்டனில்தான். ஸன் யாட் ஸென்னின் மனைவியாரே அவர்களை வரவேற்றார். அடுத்த மாதமே நகரம் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஷோலாப்பூர்க்காரரான கோட்னிஸ் வட சீனத்துப் போர்முனைகளில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து, 1942 டிசம்பரில், திரும்பாமலே கண்ணை மூடினார்.

யுயேஷியூ பூங்காவின் குன்றின் மேல் 1380-ஆம் வருஷம் எழுப்பிய ஐந்து மாடிக் கோபுரம் இருக்கிறது. பூங்காவுக்கு எதிரே, 1983-ஆம் வருஷம் கட்டிடத்துக்காகத் தோண்டியபோது அகப்பட்ட நான்யுயே அரசனுடைய கல்லறை. 2,000-க்கு மேற்பட்ட பச்சைக்கல் தகடுகளைப் பட்டு நூலால் கோத்து அவனுக்குப் போர்த்தியிருந்தார்கள். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மாலையில் கடைவீதிக்குத் திரும்பலாம் என்பது குழந்தைகளின் யோசனை. "இல்லை, இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போக வேண்டும்" என்றார் தாத்தா.

"அங்கே என்ன இருக்கிறது?"

"ஒரு பழைய கோயில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுடைய காரியம் ஒன்றும் இருக்கிறது."

சென்னைப் பட்டாளத்தின் பழைய சரித்திரத்தை இரண்டு நாளாக அவர் புரட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. 1841 மே மாதம் பிரிட்டிஷ் படை காண்டனுக்கு வடக்கேயுள்ள குன்றுகளின் மேலிருந்த கோட்டைகளைப் பிடித்துக்கொண்டது. நகரத்தைத் தாக்காமல் விடுவதற்கு 60 லட்சம் வெள்ளி டாலர் என்று பேரம் முடிந்தது. அந்தப் படையில் 37-வது சென்னைக் காலாட்படையும் இருந்தது. தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்த சென்னைப் பட்டாளங்களில் அது ஒன்று. படையினர் சுற்றுப்புறக் கிராமங்களில் புகுந்து கொள்ளையடித்தார்கள், கல்லறைகளைத் திறந்தார்கள், பெண்களுக்கும் கொடுமை நேர்ந்தது. மே 30-ஆம் தேதி ஸான்யுவான்லி முதலிய கிராமங்களின் ஜனங்கள் ஆயிரக்கணக்கில், ஈட்டியும் மண்வெட்டியுமாகத் திரண்டு வந்தார்கள். இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. சென்னைச் சிப்பாய்களிடம் இருந்தவை தீக்கல்லைத் தட்டிச் சுடும் பழைய துப்பாக்கிகள். மருந்து நனைந்து அவை சுட மறுத்தன. சுமார் 60 பேர் கொண்ட ஒரு பிரிவு வழி தவறி, வெள்ளம் நிறைந்த வயல்வெளியில், நாற்புறமும் ஜனங்கள் சூழச் சதுரமாக நின்றது. மழைக்கு அஞ்சாத புதுவகைத் துப்பாக்கியுடன் வேறு படை வந்து இரவில் அவர்களை மீட்டது. ஒரு சிப்பாய் மாண்டான், பலர் காயமடைந்தார்கள். கிராமத்தார் கூடிப் பிரதிக்ஞை செய்த ஸான்யுவான் கோயில் இப்போது கண்காட்சிசாலை. சீனப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அந்த ஊரின் பெயரைப் படித்திருக்கிறார்கள்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்களில் ஒருவர், "அந்தச் சிப்பாய்கள் சம்பளத்துக்குப் போனவர்கள், உத்தரவு போட்டது கும்பெனி. அதற்கு நாம் என்ன செய்வது?" என்றார்.

"வாஸ்தவந்தான். வயிற்றுப்பாட்டுக்குப் போனான், யாரோ சுடச் சொன்னான், சுட்டான்" என்றார் தாத்தா. "ஆனால் வயலில் நின்ற கிராமத்தானுக்குக் கும்பெனி டைரக்டர் முகம் தெரியாது. அவன் பார்த்த முகம் நம் முகம். 1962-ஐ நான் மறக்கவில்லை. அவர்கள் 1841-ஐ மறக்க வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது?"

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஜாபிதாவில் மூன்றாம் நாளுக்கு எதிரே ஸான்யுவான்லி ஏறியது. கடைவீதியில் ஒரு மாலை குறைந்ததற்குக் குழந்தைகளும் ஆட்சேபிக்கவில்லை. சிறு பெண் மட்டும், அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டாள். ஒன்றும் செய்ய வேண்டாம், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொன்னோம்.

ஒரு வாரம் கழித்து விசா விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்தபோது, நாங்கள் எதிர்பார்த்ததற்கு மேல் ஒன்று அதிகப்படியாக வேண்டியிருந்தது. தாத்தா தம் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஊர் எல்லாம் எழுதி முடித்து, பிரயாணத்தின் நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்தோம். உத்தியோகம், படிப்பு, வியாபாரம், உல்லாசப் பிரயாணம் என்று சில நோக்கங்கள் அதில் அச்சிட்டிருந்தன. தாத்தா மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இதில் எதுவும் சரியாக இல்லையே" என்றார்.

"வேறு கட்டம் இல்லை, தாத்தா."

"சரி, உல்லாசம் என்றே போடு" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவை வாங்கிக்கொண்டார்.